பெட்ரோல் எட்டாத இன்ஜின்

இலங்கையின் வென்னப்புவவில் கார் மெக்கானிக் டன்ஸ்டன் பாஸ் கையில் பத்தொன்பது வீட்டுச் சாவிகள் இருந்தன. பத்தொன்பதும் இத்தாலிக்குப் போனவர்களின் வீடுகள். இரண்டு மாடி, வழுவழுவென்ற தரை, முகப்பில் மாதா சொரூபத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, பெரிய இரும்புக் கேட், கேட்டுக்குள்ளே உறை போட்டு மூடிய ஒரு கார். ஆள்தான் கிடையாது. முற்றம் பெருக்கவும் தேங்காய் இறக்கவும் வேறு ஆட்கள் வருவார்கள். கார் மட்டும் டன்ஸ்டன் பாஸின் பொறுப்பு.

காலையில் பாண் ரொட்டியும் சம்பலும் தின்றுவிட்டு மோட்டார் சைக்கிளில் கிளம்புவார். ஒரு வீட்டைத் திறப்பார், உறையைச் சுருட்டுவார், பேட்டரி வயரை மாட்டுவார், இன்ஜினைக் கிளப்பிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்வார். கால் மணி நேரம் ஓட வேண்டும். அந்தக் கால் மணி நேரமும் வேறு வேலை எதுவும் செய்யமாட்டார். முன்னால் தொங்கும் ஜெபமாலையையோ, எந்தக் குழந்தையோ கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போன பூனைப் படத்தையோ பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு காரை முற்றத்தில் நாலு முறை முன்னும் பின்னும் நகர்த்தி, டயர் அமுங்கிப் போகாத மாதிரி நிறுத்தி, மூடிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்.

அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. மனைவி ஜசிந்தாவும் இத்தாலியில், நாப்போலி நகரத்தில்தான் இருந்தாள். போய்ப் பதினாலு வருஷம். அவள் போன மறுவருஷம் இவரையும் வரவழைத்தாள். ஏழு மாதம் இருந்தார். நாலாவது மாடியில் ஒரு கிழவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளுகிற வேலை. கிழவர் நல்லவர்தான், வைததில்லை, அடித்ததில்லை. ஆனால் நாள் முழுக்க இவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வென்னப்புவவில் ஒரு கார் வாசலுக்கு வந்தால், 'பாஸ், இது என்ன சத்தம்?' என்று கேட்டுக்கொண்டே இறங்குவார்கள். அங்கே அவருக்குத் தெரிந்தது எதுவும் யாருக்கும் தேவைப்படவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு ஊருக்கு வந்தார். அம்மா பிறகு ஆறு வருஷம் இருந்துதான் செத்தாள். இவர் திரும்பிப் போகவில்லை. மகள் நிர்மணி பதினாறு வயதில் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தாள். இப்போது அங்கேயே கல்யாணம் கட்டிக் குடித்தனம் நடத்துகிறாள்.

ஜசிந்தா ஒருநாளும் இதைக் குத்திக் காட்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் கூப்பிடுவாள். இங்கே அப்போது மத்தியானம் மூன்றரை. 'சாப்பிட்டீங்களா?' என்பாள். 'சாப்பிட்டேன்' என்பார். 'மழையா?' என்பாள். மழை உண்டு, இல்லை என்பார். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். பதினாலு வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

அந்த வருஷம் ஜூன் மாதத் தொடக்கத்தில் ஆன்சலம் ஒரு குரல் செய்தி அனுப்பினான். ஆன்சலம் இவரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். மூன்று வீடு தள்ளித்தான் அவன் வீடு. நாப்போலிக்குப் போய் இருபத்திரண்டு வருஷமாகிறது.

"மச்சான், ஜூலை கடைசியில வர்றேன்டா. நான் மட்டும்தான், பொண்டாட்டி பிள்ளைக வரல. தலவிலக் கோயில் திருநாளுக்கு நீயும் நானும் நம்ம காருல போறோம். அந்தக் காலத்துல போவோமே, அந்த மாதிரி. காரு குதிரை மாதிரி இருக்கணும், சொல்லிட்டேன்!"

டன்ஸ்டன் பாஸ் அதை நாலைந்து தடவை போட்டுக் கேட்டார். மறுநாளே போய் ஆன்சலத்தின் கேட்டைத் திறந்தார்.

தொண்ணூற்றாறாம் வருஷத்து ஜப்பான் கார், நீலம். கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்த புதிதில் எடுத்தது. நாடே பெட்ரோலுக்கு மூன்று நாள் வரிசையில் நின்ற போன வருஷம் எட்டு மாதம் அதைக் கிளப்பவே இல்லை. இந்த வருஷம் கிளப்பியபோது ஒரு நடுக்கம் இருந்தது. பழைய பெட்ரோல் போய்விட்டால் சரியாகிவிடும் என்று விட்டிருந்தார். இப்போது பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு நின்று கேட்டார். இன்ஜின் ஒரு நிலையில் நிற்கவில்லை. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மூச்சு வாங்குகிறவனைப் போல ஓடியது. ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று தட்டினால் ஒரு கணம் தயங்கி, காற்று இழுக்கும் பக்கமாகவே 'டப்' என்று இருமியது.

ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். நுனி சாம்பல் பூத்தாற்போல வெளுத்துக் கிடந்தது. நன்றாக எரிகிற இன்ஜினில் அது பாண் மேலோட்டின் நிறத்தில் இருக்க வேண்டும். நாலையும் கழற்றினார். நாலும் வெள்ளை.

"பட்டினி கிடக்கிறே," என்றார் காரிடம். வீட்டில் வேறு யாரும் இல்லை.

உள்ளே போகிற காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் கிடைக்காவிட்டால் இன்ஜின் இப்படித்தான் ஓடும். அதற்குக் காரணம் இரண்டில் ஒன்று. அளவுக்குள் வராத காற்று எங்கோ ஒரு ஓட்டை வழியாகத் திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. அல்லது வர வேண்டிய பெட்ரோல் வந்து சேரவில்லை. காற்றிலிருந்து தொடங்குவதுதான் அவர் வழக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் அவர் அங்கேதான் இருந்தார். ஓடுகிற இன்ஜினில் ஒவ்வொரு ரப்பர் குழாய் மேலும் கிளீனரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பீச்சிக்கொண்டே வந்தார். ஓட்டை உள்ள இடத்தில் பட்டால் இன்ஜின் அதையும் உறிஞ்சிக்கொண்டு சத்தத்தை மாற்றும். போன் அடித்தது. இன்ஜினை அணைக்காமலே எடுத்தார்.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"என்ன சத்தம்?"

"ஆன்சலம் காரு. அவன் வர்றான்ல."

ஜசிந்தா, "சிஞோரா போயிட்டாங்க," என்றாள். "புதன்கிழமை காலையில. தூக்கத்திலயே."

ஒன்பது வருஷமாக ஜசிந்தா பார்த்துக்கொண்டிருந்த கிழவி. டன்ஸ்டன் பாஸ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"பாவம். நல்ல சாவு."

"ஆமா. பிள்ளைங்க வந்து எல்லாம் முடிச்சாங்க. வீட்டை விக்கப் போறாங்களாம். எனக்கு ரெண்டு வாரம் டைம் குடுத்திருக்காங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"என்ன பண்ணட்டும்னா?"

"இன்னொரு வீடு இருக்கு. ஒரு வாத்தியாரு, தனி ஆளு. ஏஜென்சியில கேட்டாங்க. போகட்டுமா? இல்ல..."

அந்த 'இல்ல'வுக்குப் பின்னால் அவள் எதுவும் சொல்லவில்லை. டன்ஸ்டன் பாஸுக்கு வா என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. வா என்று சொன்னால், ஏழு மாதத்தில் ஓடிவந்தவன் பதினாலு வருஷம் உழைத்தவளைப் பார்த்து வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்வதாக ஆகிவிடுமோ என்றும் இருந்தது.

"உனக்கு எது சரின்னு படுதோ..." என்றார்.

போனில் மூச்சு மட்டும் கேட்டது. அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் அவர் காரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பிளக் வெளுத்திருப்பது, இன்ஜின் ஏறி இறங்குவது, காற்றா பெட்ரோலா என்று இன்னும் பிடிபடாதது. நிறுத்தத் தெரியாமல் சொல்லிக்கொண்டே போனார். ஜசிந்தா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணு கேட்டேன்," என்றாள் கடைசியில். "நீங்க ஆன்சலம் வீட்டுப் பெட்ரோலப் பத்திச் சொல்றீங்க."

"இல்ல, அது வந்து..."

"சரி. பாருங்க. அதையாவது சரி பண்ணுங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு அன்றைக்கு முழுக்க மனதில் நின்றது.

செவ்வாய்க்கிழமை காற்று ஓட்டை அகப்பட்டது. இன்ஜினுக்குப் பின்பக்கம், கை நுழையாத இடத்தில், சுண்டு விரல் பருமனில் ஒரு குழாய். வளைவில் வெடித்திருந்தது. கிளீனர் பட்டதும் இன்ஜின் சத்தம் சட்டென்று இறுகியது. புதுக் குழாய் வாங்க மாரவிலக்குப் போனார். அங்கே உதிரிப்பாகக் கடை வைத்திருந்தவள் எமல்டா. புருஷன் செத்த பிறகு கடையைத் தானே நடத்துகிறவள், வாய் நீளம்.

"யாரு காருக்கு பாஸ்?"

"ஆன்சலம்."

"ஊருல இல்லாதவன் காருக்கெல்லாம் நீங்கதான் டொக்டரு. அந்தக் காருங்களுக்கு இருக்கிற கவனிப்பு எனக்கு இருந்தா நான் இன்னும் பத்து வயசு குறைஞ்சு தெரிவேன்."

"உனக்கு என்ன குறை? காலையிலேருந்து சாயந்தரம்வரை வாய் ஓடிக்கிட்டே இருக்கு. துருப்பிடிக்கவே பிடிக்காது."

எமல்டா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வாரம் அவர் வேறொரு மனுஷருடன் முகம் பார்த்துப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

குழாயை மாற்றியதும் இன்ஜின் ஒரே சீராக ஓடியது. டன்ஸ்டன் பாஸ் அதைப் படம் பிடித்து ஆன்சலத்துக்கு அனுப்பினார். 'குதிரை ரெடி' என்று எழுதினார். ஜசிந்தாவுக்கும் அனுப்பலாம் என்று அவள் பெயரைத் தொட்டார். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிறு அவள் கூப்பிட்டபோது வார்த்தையை எண்ணிப் போட்டாள்.

"அந்த வாத்தியார் வீட்டுக்கு வந்துட்டேன். நேத்து."

"வந்துட்டியா?"

"ஆமா. எட்டாவது மாடி. லிப்ட் இருக்கு. ஆளு அமைதியானவரு."

"நல்லது," என்றார் டன்ஸ்டன் பாஸ்.

"காரு சரியாச்சா?"

"சரியாயிருச்சு."

"நல்லது," என்றாள் அவளும்.

மழையைப் பற்றி அன்றைக்கு அவள் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார். மேசை மேல் அவள் போன மாதம் அனுப்பிய காப்பித்தூள் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. அவர் காப்பி குடிப்பதில்லை. அது அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று அவருக்கே ஞாபகமில்லை. கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு வீட்டில் இருக்கப் பிடிக்காமல் ஆன்சலத்தின் காரை எடுத்துக்கொண்டு சிலாபம் பக்கம் ஓட்டினார்.

மாரவில தாண்டும்வரை கார் நன்றாகத்தான் போனது. அங்கே ஒரு தேங்காய் லொறியைத் தாண்டுவதற்காக அழுத்தினார். கார் பாய வேண்டிய இடத்தில் பின்வாங்கியது. 'டப், டப்' என்று இருமிற்று. எதிரே வந்த பஸ் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தது. அவசரமாக லொறிக்குப் பின்னாலேயே ஒதுங்கி, ஓரமாக நிறுத்தினார். பஸ்காரன் போகிற போக்கில் தலையை நீட்டி, "தாத்தாவுக்குச் சாகுறதுக்கு என் பஸ்தானா அகப்பட்டுச்சு?" என்று கத்திவிட்டுப் போனான்.

சிலாபத்துக்குப் போகவில்லை. இருபது மைல் வேகத்துக்கு மேல் போகாமல் வீடு வந்து சேர்ந்தார். பிளக்கைக் கழற்றினார். மறுபடியும் வெள்ளை.

காற்று ஓட்டை இருந்தது உண்மைதான். ஆனால் அது ஒன்று மட்டுமில்லை. நின்ற இடத்தில் சும்மா ஓடுகிற இன்ஜினுக்குப் பெட்ரோல் எவ்வளவு வேண்டும்? சொட்டுக் கணக்கு. அந்த அளவுக்கு வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பாரம் ஏறும்போது, வேகம் கேட்கும்போதுதான் எட்டவில்லை. மாதாமாதம் முற்றத்தில் கால் மணி நேரம் ஓடவிட்டு, நன்றாக இருக்கிறது என்று மூடிவிட்டுப் போன காரின் கோளாறு ரோட்டுக்குக் கொண்டுபோனால்தான் தெரியும் என்பது அவருக்குப் புதிதல்ல. இருந்தும் பார்க்காமல் 'குதிரை ரெடி' என்று எழுதியிருந்தார். அது அவருக்கு வெட்கமாக இருந்தது.

பெட்ரோல் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர் ஒன்றை எமல்டாவிடமிருந்தே இரவல் வாங்கி வந்தார். இன்ஜினுக்குப் போகும் வழியில் அதைப் பொருத்தி, நீண்ட குழாயைப் பானெட்டின் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, மீட்டரை முன் கண்ணாடியின் வெளிப்பக்கம் பிளாஸ்டரால் ஒட்டினார். ஓட்டிக்கொண்டே முள்ளைப் பார்க்கலாம். லுனுவிலப் பக்கம் ஆளில்லாத நேரான ரோட்டில் மூன்றாவது கியரில் அழுத்தினார். முப்பத்தைந்தில் நின்ற முள் நாற்பதைத் தாண்டி ஏற வேண்டும். அது மெல்ல மெல்ல இருபதுக்கு இறங்கியது. கார் இருமத் தொடங்கியது.

பெட்ரோல் பில்டரை மாற்றினார். முள் அப்படியே இறங்கியது. மிச்சப் பெட்ரோல் டாங்கிக்குத் திரும்பும் குழாயை இடுக்கியால் நெரித்துப் பார்த்தார். நல்ல பம்ப் என்றால் முள் துள்ளிக்கொண்டு எண்பதைத் தாண்டும். இது ஐம்பதைத் தொட்டுவிட்டு நடுங்கியது.

"பம்ப் போயிருச்சு பாஸ்," என்றாள் எமல்டா, கடையில் இதைக் கேட்டதும். "புதுசு ஒண்ணு இருக்கு. எடுத்துட்டுப் போங்க."

"பம்ப் சத்தம் நல்லா இருக்கு. அது ஓடுது."

"ஓடினா அழுத்தம் எங்க?"

"அதத்தான் பாக்கணும். பாக்காம மாத்துறது வைத்தியம் இல்ல."

"யாரு வந்து கேக்கப் போறா? மாத்திட்டுப் போங்களேன். எல்லாத்தையும் இவ்வளவு நேரம் யோசிப்பீங்களா நீங்க?"

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். டன்ஸ்டன் பாஸ் மோட்டார் சைக்கிளைக் கிளப்பி ஆன்சலம் வீட்டுக்குத் திரும்பினார்.

பம்பின் பியூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டார். பேட்டரி வயரைக் கழற்றினார். பின் இருக்கையைத் தூக்கி, அடியிலிருந்த மூடியைத் திறந்து, டாங்கிக்குள்ளிருந்து பம்பை மெல்ல வெளியே எடுத்தார். மூக்கை எரிக்கிற பழைய பெட்ரோல் நாற்றம். அடியில் இருந்த வலையில் செம்பழுப்பாக வண்டல் அப்பியிருந்தது. இதுதானா என்று நினைத்தார். கழுவினார். பிறகும் மனம் ஒப்பவில்லை. பம்பைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பம்பின் வாயிலிருந்து மேலே போகிற இரும்புக் குழாய்வரை இரண்டு அங்குல ரப்பர் குழாய் ஒன்று இருந்தது. பார்வைக்குக் குறையில்லை. விரலால் வளைத்தார். வளைத்ததும் அதன் முதுகில் நீளவாக்கில் ஒரு பிளவு வாய் திறந்தது. விட்டால் மூடிக்கொண்டது.

டன்ஸ்டன் பாஸ் முற்றத்துச் சிமெண்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பம்ப் உழைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அழுத்தம் கூடக் கூட இந்தப் பிளவு திறந்து, தள்ளிய பெட்ரோலில் பாதி அங்கேயே டாங்கிக்குள் கொட்டிவிட்டது. வெளியே ஒரு சொட்டுக் கசிவில்லை. ஈரமில்லை. எவ்வளவு காலம் வெளியிலிருந்து பார்த்தாலும் தெரிந்திருக்காது.

பெட்ரோலுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிற குழாய் வேறு ரகம். சாதாரணக் குழாயைப் போட்டால் நாலு மாதத்தில் ஊறிக் கூழாகிவிடும். எமல்டாவிடம் அந்த ரகத்தில் ஒரு துண்டு இருந்தது. பழைய பெட்ரோலை வடித்து, டாங்கியைக் கழுவி, எல்லாவற்றையும் பொருத்தி, அதே நேரான ரோட்டுக்குப் போனார். அழுத்தினார். முள் நாற்பத்திரண்டுக்கு ஏறி அசையாமல் நின்றது. கார் முன்னால் பாய்ந்த வேகத்தில் அவர் முதுகு இருக்கையோடு ஒட்டியது. "அப்படிப் போடு!" என்று கத்தினார். இருபக்கமும் தென்னந்தோப்பு. கேட்க ஆளில்லை. அரை மைல் போவதற்குள் அந்தச் சந்தோஷம் யாரிடம் சொல்வது என்ற கேள்வியாகிவிட்டது.

ஆன்சலம் ஜூலை இருபத்தெட்டாம் தேதி வந்தான். உடம்பு பெருத்து, தலை வழுக்கையாகி, வாசனைத் தண்ணீர் மணக்க வந்து கட்டிப் பிடித்தான். இரண்டு நாள் விட்டுத் தலவிலக்குக் கிளம்பினார்கள். கார் நூலில் இழுத்த மாதிரி போனது. லொறிகளைத் தாண்டியது, பஸ்களைத் தாண்டியது. இருமல் இல்லை, தயக்கம் இல்லை. டன்ஸ்டன் பாஸ் இரண்டு மாதமாக மனதில் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினார். காற்றுக் குழாய், முன் கண்ணாடியில் ஒட்டிய மீட்டர், பிளவு. சிலாபம் பாலத்தில் திரும்பிப் பார்த்தார். ஆன்சலம் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். முந்தல்வரை தூங்கினான். அங்கே போன் அடிக்க, பாலாவிவரை மனைவியிடம் இத்தாலி மொழியில் ஏதோ சண்டை பிடித்தான்.

கோயிலில் கூட்டம். மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், கடற்கரை மணலில் சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். ஆன்சலம் தெரிந்தவர்களைத் தேடினான், ஒருவரும் அகப்படவில்லை. திரும்பும் வழியில் முந்தலில் ஒரு கடையில் பிளேன்டீ குடிக்க நிறுத்தினார்கள். அங்கேதான் ஆன்சலம் அதைச் சொன்னான்.

"ஜசிந்தாவும் இந்நேரம் வந்திருப்பான்னு நினைச்சேன்டா. ஏன் வரல?"

"அவ எங்க வர்றது? வேற வீட்டுல வேலைக்குச் சேந்துட்டா."

"அது தெரியும். அதுக்கு முன்னாடி, ஜூனுல, எங்க வீட்டுக்கு வந்து பெட்டி எடை போடுற தராசை வாங்கிட்டுப் போனாளே. ரெண்டு பெரிய பெட்டி கட்டிட்டேன், எடை கூடிருமோன்னு பயமா இருக்குன்னா. என் பொண்டாட்டி கூட, போனா திரும்ப வருவியான்னு கேட்டா. இல்லக்கா, ஒரேயடியாத்தான்னு சொல்லியிருக்கா." ஆன்சலம் தேநீரை ஊதினான். "அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயந்தரம் வந்து தராசைத் திருப்பிக் குடுத்துட்டுப் போனா. தேவைப்படலன்னா. என்னடா, உங்கிட்ட சொல்லலையா?"

டன்ஸ்டன் பாஸ் கிளாஸைக் கீழே வைத்தார்.

"சொன்னா," என்றார். "எனக்குத்தான் வெளங்கல."

எழுந்து கடைக்குப் பின்னால் போனார். அங்கே களப்பில் தேங்கிய கடல் தண்ணீர் வரைக்கும் வெறும் உப்பு மண். போனை எடுத்து ஜசிந்தாவைக் கூப்பிட்டார். பதினாலு வருஷத்தில் அவராகக் கூப்பிட்டது நாலோ ஐந்தோ தடவை இருக்கும்; எல்லாம் சாவுச் செய்திக்கு. அடித்து ஓய்ந்தது. மறுபடியும் கூப்பிட்டார். எடுக்கவில்லை. ஆன்சலம் ஹார்ன் அடித்துக் கூப்பிடும்வரை அங்கேயே நின்றார்.

மாரவிலயில் வரும்போது அவள் திருப்பிக் கூப்பிட்டாள். காரை ஓரம் கட்டிவிட்டு இறங்கினார்.

"என்ன ஆச்சு? யாருக்கு என்ன?" அவள் குரல் பதறிற்று. "வாத்தியாரைக் குளிப்பாட்டிக்கிட்டிருந்தேன். இப்பதான் பாத்தேன். யாரு?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல."

"அப்புறம் எதுக்கு வேல நாள்ல கூப்பிட்டீங்க?"

"நீ வா."

"என்ன?"

"வீட்டுக்கு வா ஜசிந்தா. அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லத் தெரியல. எனக்கு இங்க... தனியா முடியல."

போனில் எங்கோ தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. குழாயை யாரோ மூடினார்கள், அல்லது அவளே மூடினாள்.

"இப்ப சொல்றீங்க," என்றாள். "ரெண்டு பெட்டியையும் கட்டி வச்சுட்டு, போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன் அன்னிக்கு. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை."

"தெரியும்."

"இப்பதான் தெரியும்." அவள் அழுகிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. "ஈஸ்டர் வரைக்கும் கையெழுத்துப் போட்டுட்டேன். இந்த மனுஷனுக்கும் யாருமில்ல. நடுவுல விட்டுட்டு வர முடியாது."

"அப்ப ஈஸ்டருக்கு."

"ஈஸ்டர் வரட்டும். அப்ப கேளுங்க. சுத்தி வளைக்காம, இப்ப கேட்ட மாதிரி கேளுங்க. அப்ப எனக்கு என்ன தோணுதோ சொல்றேன்."

ஆன்சலம் ஆகஸ்ட் பத்தாம் தேதி திரும்பிப் போனான். போகும்போது காரை வைத்துக்கொள்ளவா விற்கவா என்று கேட்டான். பதிலுக்குக் காத்திருக்காமல், "சரி, இருக்கட்டும்டா, அடுத்த தடவை பாப்போம்," என்றான். டன்ஸ்டன் பாஸ் காருக்கு உறையைப் போட்டார். அன்றிலிருந்து ஒரு வழக்கத்தை மட்டும் மாற்றிக்கொண்டார். எந்தக் காரையும் முற்றத்தில் ஓடவிட்டுத் திருப்திப்படுவதில்லை. ரோட்டுக்கு எடுத்துப் போய் ஐந்து மைலாவது ஓட்டிவிட்டுத்தான் மூடுவார். ஊரில் சிலர், பாஸ் அடுத்தவன் காரில் உலாத்துகிறார் என்று பேசினார்கள்.

ஈஸ்டர் திங்கட்கிழமை கேட்டார். அவள் ஒரு நாள் யோசித்தாள், பிறகு வருகிறேன் என்றாள். மே மாதம் வந்தாள், ஒரு பெட்டியோடு, நாற்பது நாளைக்கு. பென்ஷனுக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது, அதை விட முடியாது என்று கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிய அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

முதல் பத்து நாள் இருவரும் விருந்தாளிகளைப் போல இருந்தார்கள். சமையலறையில் எது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்லிக்கொடுக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. அவள் காலையில் காப்பி போட்டு இவருக்கும் ஒரு கோப்பை வைத்தாள். அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்தார். பத்தாம் நாள் அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "பிடிக்காதா?" என்றாள். "பிடிக்காது," என்றார். "அத முதல் நாளே சொன்னா என்ன?" என்று கோப்பையை எடுத்துத் தானே குடித்துவிட்டாள். அதன் பிறகு கொஞ்சம் லேசாயிற்று. கடைசி இரண்டு வாரமும் அவள் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி அவரோடு வீடு வீடாக வந்தாள். அவர் காரைக் கிளப்ப, அவள் பக்கத்து இருக்கையில் உட்காருவாள். யார் யார் வீட்டில் என்ன நடந்தது, யார் அங்கே எப்படி இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வருவாள். அத்தனை வருஷம் சாவியை வைத்திருந்த வீடுகளின் ஆட்களைப் பற்றி அவருக்கு அப்போதுதான் தெரியவந்தது.

ஜூன் கடைசியில் அவளை விமானம் ஏற்றிவிட்டார். உள்ளே போகுமுன், "புதன்கிழமையும் கூப்பிடுங்க," என்றாள். "ஞாயித்துக்கிழமை மட்டும் பத்தாது."

விடியற்காலையில் வீட்டுக்கு வந்தார். வீடு முன்னைவிடப் பெரிதாகிவிட்டது போலிருந்தது. ஒவ்வொரு அறைக்கும் ஒரு தடவை போய்விட்டு வந்தார். படுத்துப் பார்த்தார், தூக்கம் வரவில்லை. ஏழு மணிக்கு எழுந்து முகத்தைக் கழுவினார். அன்றைக்கு லுனுவிலப் பக்கம் நாலு கார் இருந்தது. சாவிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.